ஆர்எஃப் நெகட்டிவ்னு வந்துட்டா முடக்குவாதம் இல்லேன்னு அர்த்தமா?

இல்லம்மா, அப்படி அர்த்தம் இல்ல. இதை மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா ஆர்எஃப்ங்கிற ரத்த டெஸ்ட்டோட அந்த ஒரு வரி ரிசல்ட்ட பார்த்துட்டு "ஒண்ணும் இல்லயாம்"னு வீட்டுக்குப் போயி, ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு விரல் கோணினதுக்கு அப்புறம் திரும்பி வர்றவங்கள நான் நெறைய பார்த்திருக்கேன்.

தங்கச்சி கேட்டது மத்தவங்களுக்கும் புரியணும்னு சுருக்கமா திருப்பி எழுதிடறேன். மலேசியால பகாவ் பக்கம் ஒரு தாமான்ல (குடியிருப்புல) இருக்காங்க. அம்மாவுக்கு 48 வயசு, ஸ்கூல் கேன்டீன்ல சமையல். நாலு மாசமா ரெண்டு கையிலயும் விரல் கணு, மணிக்கட்டு வலி, வீக்கம், காலைல கை மடக்க முடியல. கிளினிக்ல ரத்தம் எடுத்ததுல ஆர்எஃப் நெகட்டிவ், யூரிக் ஆசிட் கொஞ்சம் கூட, இஎஸ்ஆர் (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற டெஸ்ட்) 58. வயசாகுது, கொஞ்சம் கௌட்டும் (யூரிக் ஆசிட் மூட்டுல படிஞ்சு வர்ற வலி) இருக்கலாம்னு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. பக்கத்து வீட்டு அத்தை அது சிக்குன்குனியா மிச்சம்னு சொல்றாங்க. நடுவுல டவுன்ல ஒரு ஊசி போட்டதும் ரெண்டு வாரம் சூப்பரா இருந்துச்சு, அப்புறம் பழையபடி ஆயிடுச்சு. இது ஆர்ஏவா, அதாவது முடக்குவாதமா, இல்லையா, இதான கேள்வி?

நான் டாக்டர் இல்ல, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மிஸ்ஸியா (நர்ஸா) இருந்து ரிட்டையர் ஆனவ, கடைசி வருஷமெல்லாம் ரூமாட்டாலஜி (மூட்டு வியாதி) கிளினிக்ல. அதனால "ஆமா, இதான்"னு நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனா டாக்டருங்க எதை வச்சு முடிவுக்கு வர்றாங்கன்னு பக்கத்துல நின்னு பார்த்தது இருக்கு, அதைச் சொல்றேன்.

இனிப்பு நீருன்னா (சர்க்கரை வியாதி) ரத்தத்துல ஒரு நம்பர் இருக்கு, அந்த நம்பர் தாண்டினா முடிஞ்சது கதை. ஆர்ஏவுக்கு அப்படி ஒரு நம்பர் கெடையாது. எந்த மூட்டு வீங்குது, எத்தனை மூட்டு, எத்தனை வாரமா, காலைல எப்படி, இதைக் கேட்டு, கைய தொட்டுப் பார்த்துத்தான் பாதி முடிவு. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் அதுக்கு அப்புறம் வர்ற சாட்சி. நம்ம ஆளுங்க இதை தலைகீழா பிடிச்சுக்கிறாங்க, பேப்பர மட்டும் பத்திரமா பிளாஸ்டிக் ஃபைல்ல வச்சிக்கிட்டு கைய யாருக்கும் காட்டறதில்ல.

சரி, கையிலேர்ந்தே ஆரம்பிப்போம். நாளைக்கு அம்மா எழுந்ததும், வேலைய தொடுறதுக்கு முன்னாடி, நல்ல வெளிச்சத்துல ரெண்டு கையையும் மேசை மேல கவுத்து வைக்கச் சொல்லி பாரு. அப்புறம் கைய இறுக்கி மூடச் சொல்லு. நல்ல கையில விரல் அடிக்கணு நாலும் மேடா நிக்கும், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல பள்ளம் தெளிவா தெரியும். ஆர்ஏ வீக்கத்துல அந்தப் பள்ளம் தூர்ந்து போயிடும், முக்கியமா ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில. கணு மேல இருக்கிற சுருக்கம் மறைஞ்சு தோல் பளபளன்னு இருக்கும், மோதிரம் இறங்காது. முழுசா மூடவே முடியாம விரல் நுனி உள்ளங்கைய தொடாம நிக்குதான்னும் பாரு. அடுத்து உன்னோட ரெண்டு கட்டை விரலையும் அம்மா விரலோட நடுக்கணுவுக்கு ரெண்டு பக்கத்துலயும் வச்சு மெதுவா அழுத்து. கெட்டியா எலும்பு மேடு தட்டுச்சுன்னா அது பெரும்பாலும் தேய்மானம். மெத்து மெத்துன்னு அமுங்கி கொடுத்துச்சுன்னா, கூடவே அம்மா முகம் சுளிச்சாங்கன்னா, அது மூட்டு உள் சவ்வு வீங்கினது. இந்த மெத்து மெத்துதான் முக்கியம், டாக்டருங்க விரல் தேடுறதே இதைத்தான்.

எந்தக் கணுங்கிறதும் பாரு. ஆர்ஏ பிடிக்கிறது விரல் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு. நகத்துக்குப் பக்கத்துல இருக்கிற கடைசிக் கணுவ அது பொதுவா தொடாது. கடைசிக் கணுவுல பட்டாணி சைஸ்ல கெட்டியா முடிச்சு இருக்கு, கட்டை விரல் அடியில மணிக்கட்டு பக்கம் வலிக்குதுன்னா அது தேய்மானத்தோட எடம், அதுவும் நம்ம பாட்டிங்க, அத்தைங்க நெறைய பேருக்கு இருக்கும். ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் செய்யும், அப்பத்தான் குழப்பம்.

இன்னொண்ணு, கைகுலுக்குறப்ப பிடிக்கிறோம் பாரு, அந்த எடத்துல நாலு அடிக்கணுவையும் சேர்த்து பக்கவாட்டுல லேசா நெருக்கிப் பாரு. நல்ல கைக்கு ஒண்ணும் ஆகாது. ஆர்ஏ கைக்காரங்க "ஆ"ன்னு கைய இழுத்துப்பாங்க. கோயில்ல யாராச்சும் பாசமா கைய பிடிச்சு அழுத்தினா உயிர் போகுதுன்னு சொல்லி, கல்யாண வீட்டுக்கே போறத நிறுத்தின ஒரு அம்மாவ எனக்குத் தெரியும்.

அதே நெருக்கல காலுக்கும் பண்ணு, விரல் ஆரம்பிக்கிற எடத்துல. இதை யாருமே பாக்க மாட்டேங்கிறாங்க. கை வலின்னு போனா கைய மட்டும் பார்ப்பாங்க, நம்மளும் செருப்ப கழட்ட மாட்டோம். காலைல கட்டில்ல இருந்து இறங்கி மொதல் பத்து அடி வைக்கிறப்ப கூழாங்கல் மேல நடக்கிற மாதிரி இருக்குதான்னு அம்மாவ கேளு, கேட்டா "ஆமா, அது ரொம்ப நாளா இருக்கே, செருப்பு சரியில்லைன்னு நெனச்சேன்"னு சொல்லுவாங்க பாரு. ஏன் காலுக்கு இவ்ளோ அழுத்தம் கொடுக்கிறேன்னு கீழ கணக்கு போடுறப்ப புரியும்.

அடுத்து காலை இறுக்கம். வலி வேற, இறுக்கம் வேற. வலி எல்லா மூட்டு வியாதிலயும் இருக்கு. இறுக்கம்னா கை நம்ம சொல்றத கேக்காது, மடங்காது, பிடிக்காது. தேய்மானத்துலயும் காலைல கொஞ்சம் இறுக்கம் இருக்கும் ஆனா அஞ்சு, பத்து நிமிஷம், மிஞ்சிப் போனா அரை மணி நேரத்துக்குள்ள விட்டுடும். ஆர்ஏல ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு இழுக்கும், சிலருக்கு மத்தியானம் வரைக்கும். அதுவும் வேலை செய்யச் செய்ய நல்லாகும், உக்காந்தா திரும்ப இறுகும். தேய்மானம் நேர் எதிர், வேலை செய்யச் செய்ய வலி ஏறும்.

உங்கம்மா விடியக்காலை நாலரைக்கு கேன்டீனுக்குப் போறாங்கன்னு எழுதியிருந்த, அது ஒரு விதத்துல வசதி, ஏன்னா நேரத்த கணக்கு வைக்கலாம். நாசி லெமாக் பொட்டலத்துக்கு ரப்பர் பேண்ட் போட முடியுதா, அவிச்ச முட்டை உரிக்க முடியுதா, சம்பல் பாட்டில் மூடி திறக்க வருதா, எத்தனை மணிக்கு இதெல்லாம் சுலபமாச்சுன்னு கேட்டு ஒரு வாரம் எழுதி வை. முன்னாடியெல்லாம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டப் போற பொம்பளைங்க இதை நல்லாவே சொல்லுவாங்க, பெரட்டுக்கு (காலைல பேர் கொடுக்கிற எடம்) போறதுக்கு முன்னாடி வெந்நீர்ல கைய ஊற வச்சாத்தான் கத்திய பிடிக்க முடியும், பத்து மணிக்கு மேல பால் எடுக்கிறப்ப கை சரியாயிடும்னு. அதை "குளிர் காத்து"ன்னு நெனச்சு பல வருஷம் ஓட்டினவங்க உண்டு. இப்போ தோட்டம் விட்டு டவுனுக்கு வந்தாச்சு, குளிரும் இல்ல, ஆனா ரவிக்கை ஹூக் போட மகள கூப்பிடுறாங்கன்னா அதே கதைதான்.

மூட்டுக்கு வெளியிலயும் பாரு. சும்மாவே அசதி, லேசா காய்ச்சல் வர்ற உணர்வு, எடை குறையுறது, ரத்தம் கம்மின்னு ரிப்போர்ட்ல வர்றது, ராத்திரி கை மரத்துப் போயி உதறிக்கிட்டு எழுந்திரிக்கிறது. மணிக்கட்டு வீங்கினா அங்க போற நரம்ப நெருக்கும், சிலருக்கு ஆர்ஏவோட மொதல் அடையாளமே இந்த மரத்துப் போறதுதான். கண்ணு, வாய் காஞ்சு போகுதான்னும் கேளு.

உள்ள என்ன நடக்குதுன்னா, நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி நம்ம மூட்டு சவ்வையே எதிரியா நெனச்சு தாக்குது. சவ்வு தடிச்சு, நீர் கோத்து, போகப் போக பக்கத்து குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்குது. அரிச்ச எலும்பு திரும்ப வராது. அதனாலதான் எல்லாரும் அவசரம் அவசரம்னு சொல்றது. பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்கள விட ரெண்டு மூணு மடங்கு கூட வருது, பெரும்பாலும் 30லேர்ந்து 60 வயசுக்குள்ள, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ரிஸ்க் கூட. புளி சாப்பிட்டதால, ஐஸ் தண்ணி குடிச்சதால, பச்சைத் தண்ணில பாத்திரம் கழுவினதால வந்ததில்ல, அம்மாவ அதுக்காக யாரும் திட்ட வேணாம்.

இப்ப ரத்தத்துக்கு வருவோம். ஆர்எஃப்ங்கிறது பழைய டெஸ்ட், 1940கள்லயே கண்டுபிடிச்சது. ஆர்ஏ உறுதியான நூறு பேர எடுத்தா 70லேர்ந்து 80 பேருக்குத்தான் அது பாசிட்டிவ்வா வரும், ஆரம்பத்துல இன்னும் கம்மி. மிச்சப் பேருக்கு வியாதி முழுசா இருக்கும், ஆர்எஃப் இருக்காது. அதே நேரத்துல வியாதியே இல்லாதவங்கள்லயும் நூத்துக்கு அஞ்சு பேருக்கு பாசிட்டிவ் வரும், வயசு ஏற ஏற இன்னும் கூட, ஹெப்பட்டைட்டிஸ் சி, டிபி இருந்தாலும் வரும். அதனால ஹெல்த் ஸ்க்ரீனிங் பேக்கேஜ்ல ஆர்எஃப் பாசிட்டிவ்னு வந்து, மூட்டுல ஒரு பிரச்சனையும் இல்லாம தூக்கம் கெட்டு அலையுறவங்களுக்கும் இதே பதில்தான்: மூட்டு வீங்கலேன்னா அந்த பேப்பர் மட்டும் ஆர்ஏ இல்ல.

அதைவிட நம்பிக்கையான டெஸ்ட் ஆன்டி சிசிபி. இது 2000 வாக்குல பழக்கத்துக்கு வந்தது. ஆர்ஏ இல்லாத நூறு பேர்ல ஏறக்குறைய 95 பேருக்கு இது நெகட்டிவ்வாத்தான் வரும், அதனால பாசிட்டிவ் வந்தா அதுக்கு வெயிட் அதிகம், சிலருக்கு வலி ஆரம்பிக்கிறதுக்கு வருஷக் கணக்குல முன்னாடியே ரத்தத்துல இருக்கும். ஆனா இதுவும் ஆர்ஏ இருக்கிற எல்லாருக்கும் வராது, மூணுல ஒருத்தருக்கு தப்பிடும். ஆர்எஃப்பும் நெகட்டிவ், சிசிபியும் நெகட்டிவ், ஆனாலும் ஆர்ஏதான்னு மருந்து சாப்பிடுறவங்க கிளினிக்ல எப்பவும் இருப்பாங்க. உங்கம்மாவுக்கு சிசிபி எடுத்ததா நீ எழுதல, சின்ன கிளினிக்ல எல்லாம் எடுக்க மாட்டாங்க, பெரிய ஆஸ்பத்திரிலதான் கேக்கணும்.

இஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் உடம்புல எங்கயோ அழற்சி இருக்குன்னு சொல்லும், எங்கன்னு சொல்லாது. இஎஸ்ஆர் வயசோட ஏறும். பொம்பளைங்களுக்கு வயசோட பத்து கூட்டி ரெண்டால வகுத்தா ஒரு உத்தேச மேல் அளவு கிடைக்கும், உங்கம்மாவுக்கு 29. வந்திருக்கிறது 58. ரத்தம் கம்மியா இருந்தாலும் இது ஏறும், அதனால அந்த ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் எவ்ளோன்னு பாரு. ஆனா 58ஐ வயசுன்னு சொல்லி தள்ளிட முடியாது.

டாக்டருங்க இதையெல்லாம் கூட்ட ஒரு பாயிண்ட் கணக்கு வச்சிருக்காங்க. அமெரிக்க சங்கமும் ஐரோப்பிய சங்கமும் சேர்ந்து 2010ல கொண்டாந்தது. 1987ல இருந்த பழைய கணக்கு எக்ஸ்ரேல எலும்பு அரிப்பு, தோலுக்கு அடியில முடிச்சு இதையெல்லாம் எண்ணும், அதாவது கெட்டுப் போனதுக்கு அப்புறம்தான் பல பேர பிடிக்கும். புதுசு ஆரம்பத்துலயே பிடிக்கப் பார்க்குது. பத்துக்கு ஆறு எடுத்தா ஆர்ஏ, ஆனா ஒரு மூட்டாவது டாக்டர் கண்ணுக்கு உண்மையிலேயே வீங்கியிருக்கணும், அந்த வீக்கத்துக்கு வேற காரணமும் பொருந்தக் கூடாது.

உங்கம்மா கணக்கையே போட்டுப் பார்ப்போம். சின்ன மூட்டு ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும்னா 2 பாயிண்ட், நாலுலேர்ந்து பத்துன்னா 3, பத்துக்கு மேலன்னா 5. மணிக்கட்டும் சின்ன மூட்டு கணக்குலதான் வரும். நீ எழுதினத வச்சு ரெண்டு மணிக்கட்டு, ஒவ்வொரு கையிலயும் மூணு கணுன்னு எடுத்தா எட்டு, அதுக்கு 3. ஆறு வாரத்துக்கு மேல இருக்கு, 1. இஎஸ்ஆர் கூட, 1. ஆர்எஃப் நெகட்டிவ், சிசிபி தெரியாது, இப்போதைக்கு 0. மொத்தம் 5. ஆறுக்கு இன்னும் ஒரு பாயிண்ட்தான் குறை. இப்ப சிசிபி எடுத்து லேசா பாசிட்டிவ்னா 2, நார்மல விட மூணு மடங்குக்கு மேலன்னா 3, எப்படியும் ஆற தாண்டிடும். சிசிபி வரவே இல்லேன்னு வச்சுக்கோ, அந்தக் கால் விரல் அடிக்கணுவ நெருக்கிப் பார்த்து ரெண்டு காலுலயும் ரெண்டு ரெண்டு வலிச்சுன்னா எட்டு பன்னெண்டாகுது, 3 பாயிண்ட் 5 ஆகுது, மொத்தம் 7. ரத்தத்துல ஒண்ணுமே இல்லாம. அதான் செருப்ப கழட்டச் சொன்னேன். ஆனா பெருவிரல் அடிக்கணுவ இதுல சேர்க்க மாட்டாங்க, அது கௌட்டுக்கும் தேய்மானத்துக்கும் பிடிச்ச எடம். நகக்கணுவும் கட்டை விரல் அடியும் அதே காரணத்துக்காக விட்டுடுவாங்க.

இது டாக்டருக்கு வழிகாட்டி, அவ்ளோதான். அஞ்சு பாயிண்ட் வச்சிக்கிட்டே மருந்து ஆரம்பிக்கிறதும் உண்டு.

இனி கௌட். கௌட்னா திடீர்னு வரும், ராத்திரி நல்லா படுத்தவரு விடியக்காலை பெருவிரல் செவந்து கொதிச்சு போர்வை பட்டாலும் கத்துவாரு, ஒரு வாரம் பத்து நாள்ல தானா அடங்கும், அப்புறம் சுத்தமா நல்லாயிருப்பாரு. ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம், பொம்பளைங்களுக்கு மாதவிலக்கு நிக்கிறதுக்கு முன்னாடி அபூர்வம். நாலு மாசமா ரெண்டு கையிலயும் சமமா காலை இறுக்கத்தோட இருக்கிறது கௌட்டோட பழக்கம் இல்ல. யூரிக் ஆசிட் கொஞ்சம் கூட இருக்கிறவங்க ஊருக்குள்ள ஏராளம், பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிட்டாலே ஏறும், அதுல பெரும்பாலானவங்களுக்கு கௌட்டே வராது. கௌட்ட உறுதியா சொல்லணும்னா மூட்டு நீரை ஊசில எடுத்து மைக்ராஸ்கோப்ல கிறிஸ்டல் பாக்கணும்.

பக்கத்து வீட்டு அத்தை சொன்னத நான் சும்மா தள்ள மாட்டேன். சிக்குன்குனியா மூட்டு வலி ஆர்ஏவ அப்படியே காப்பியடிக்கும், ரெண்டு கை, மணிக்கட்டு, காலை இறுக்கம் எல்லாமே இருக்கும், மாசக்கணக்குல இழுக்கும், சிலருக்கு வருஷத்துக்கு மேல. இங்க 2008ல ஜொகூர்லேர்ந்து மத்த மாநிலத்துக்கெல்லாம் பரவினப்ப தோட்டம், கம்பம் (கிராமம்) பக்கந்தான் அடி அதிகம், அந்தக் கொசு ரப்பர் பால் பிடிக்கிற பழைய மங்குல தேங்குற மழைத்தண்ணியே போதும்னு பெருகும். ஆனா சிக்குன்குனியான்னா தொடக்கம் மறக்க முடியாது. திடீர்னு பெரிய காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, அன்னிக்கே மூட்டு பிடிச்சிக்கும். அம்மாவுக்கு அப்படி ஒரு காய்ச்சல் வந்து அதுலேர்ந்துதான் ஆரம்பிச்சுதா, இல்ல எப்ப ஆரம்பிச்சதுன்னே சரியா சொல்ல முடியாம மெதுவா வந்துச்சா? காய்ச்சல் வந்திருந்தா டாக்டர்ட்ட கண்டிப்பா சொல்லு, ரத்தத்துல பார்க்கலாம்.

இனிப்பு நீர் இருந்தா அதையும் சொல்லணும், ரொம்ப வருஷம் ஆனவங்களுக்கு விரல் தோலும் தசைநாரும் இறுகி, கும்பிட்டா ரெண்டு உள்ளங்கையும் ஒட்டாது, நடுவுல இடைவெளி நிக்கும். அது இறுக்கம், ஆனா வீக்கமும் வலியும் பெருசா இருக்காது. தலையில, முழங்கையில செதில் செதிலா சொரியாசிஸ் இருக்கா, குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு பாரு, அதுவும் ஒரு மூட்டு வியாதிய கொண்டு வரும், அது நகக்கணுவையும் பிடிக்கும். தைராய்டு, லூப்பஸ் இதெல்லாம் டாக்டர் பார்த்துப்பாரு, நீ போட்டு குழப்பிக்காத.

இப்ப அந்த ஊசிக்கு வர்றேன். என்ன ஊசின்னு நீ எழுதல, ஆனா ரெண்டு வாரம் பறக்க வச்சதுன்னா அது ஸ்டீராய்டாத்தான் இருக்கும்னு என் யூகம். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்ல. 1948ல மொதமொதல்ல கார்ட்டிசோன் போட்டது ஒரு ஆர்ஏ நோயாளிக்குத்தான், எழுந்திரிக்க முடியாம கெடந்தவங்க சில நாள்ல நடந்தாங்க, 1950ல அதுக்கு நோபல் பரிசே கொடுத்தாங்க. அப்புறம்தான் தெரிஞ்சது, நிறுத்தினா வலி திரும்புது, நிறுத்தாட்டி எலும்பு, சுகர், பிரஷர், கண்ணு எல்லாம் போகுதுன்னு. இப்பவும் ஸ்பெஷலிஸ்ட் கொடுப்பாங்க, வேற மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் பாலமா, கம்மியா, கொஞ்ச நாளைக்கு. பிரச்சனை என்னன்னா, டையக்னோஸ் பண்றதுக்கு முன்னாடி போட்டா வீக்கம் வத்திடும், ஸ்பெஷலிஸ்ட் முன்னாடி போயி உக்காருறப்ப கை நல்லா இருக்கும், இஎஸ்ஆரும் இறங்கியிருக்கும். டாக்டர் எதைப் பார்த்து பாயிண்ட் போடுவாரு?

ஊசியவிட மோசம் பாசார் மாலாம்லயும் (ராத்திரிச் சந்தை) ஃபேஸ்புக்லயும் விக்கிற மூட்டு வலி ஜாமு, மஜுன் மாதிரி நாட்டு மருந்து, காப்பி பொடி. மூணே நாள்ல வலி போச்சுன்னு சொன்னா சந்தேகப்படு. இந்த மாதிரி சரக்குல டெக்ஸாமெத்தசோன்னு ஸ்டீராய்ட கலந்து விக்கிறத சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப பிடிச்சு அறிவிப்பு விட்டுக்கிட்டுத்தான் இருக்கு. பெட்டியில எம்ஏஎல்னு (MAL) ஆரம்பிக்கிற பதிவு நம்பர் இருக்கான்னு பாரு, இல்லேன்னா தொடாத. ஏற்கனவே ரொம்ப நாளா சாப்பிட்டு முகம் உருண்டையாயி, தோல் மெலிஞ்சு, லேசா இடிச்சாலே கன்னிப் போகுதுன்னா, பயந்துக்கிட்டு ஒரேயடியா நிறுத்தவும் கூடாது, உடம்பு தன்னோட ஸ்டீராய்ட சுரக்க மறந்திருக்கும், மயக்கம் போட்டு ஆபத்தாயிடும். பாக்கெட்ட எடுத்துக்கிட்டு நேரா டாக்டர்ட்ட போங்க. கோயோ பிளாஸ்திரி ஒட்டுறது, எண்ணெய் தேய்க்கிறது, வெந்நீர் ஒத்தடம், இதுக்கெல்லாம் நான் எதுவும் சொல்ல மாட்டேன், நல்லாத்தான் இருக்கும், வியாதிய மட்டும் நிறுத்தாது. போன்ஸ்டான், வோல்டாரன் மாதிரி வலி மாத்திரையும் அப்படித்தான், வலிய குறைக்கும், எலும்பு அரிப்ப தடுக்காது, மாசக்கணக்குல போட்டா வயிறும் கிட்னியும் கேள்வி கேக்கும்.

என்ன செய்யணும்னா, மறுபடி கிளினிக் கெசிஹத்தானுக்கே (அரசாங்க கிளினிக்) போங்க, ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). போயி "சாகிட் பாடான்"னு (உடம்பு வலின்னு) சொல்லாதீங்க, அப்படிச் சொன்னா பனாடோல்தான் வரும், கூட்டத்துல டாக்டருக்கு இருக்கிறது சில நிமிஷம். வீக்கம்னு சொல்லுங்க, "பெங்காக்"னு சொல்லி கைய மேசை மேல வைக்கச் சொல்லு. நாலு மாசம், ரெண்டு கை, காலைல இவ்ளோ நேரம் இறுக்கம், இஎஸ்ஆர் 58, வீட்டு வேலை இதெல்லாம் முடியலேன்னு வரிசையா சொல்லி ரூமாட்டாலஜிக்கு ரெஃபரல் லெட்டர் கேளுங்க. அந்த விவரமெல்லாம் லெட்டர்ல ஏறணும், வெறும் "மூட்டு வலி"ன்னு போனா டேட் தள்ளிக் கொடுப்பாங்க, வீங்கின மூட்டு இத்தனைன்னு இருந்தா முன்னாடி பார்ப்பாங்க. உங்க பக்கத்துலேர்ந்துன்னா ஜெம்போல் இல்ல கோலப்பிலா வழியா கடைசில சிரம்பான் துவாங்கு ஜாபார் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டி வரும், ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கு அஞ்சு வெள்ளி. காடி (கார்) இல்லேன்னா காலைல பஸ்ஸ நம்பாத, யாரையாவது முன்கூட்டியே சொல்லி வை.

டேட் வர்ற வரைக்கும் வீங்கி இருக்கிற காலைல போன்ல போட்டோ எடுத்து வை, தேதியோட. சாப்பிட்ட மருந்து, போட்ட ஊசி எல்லாம் ஒரு தாள்ல எழுது. போற நேரத்துக்குப் பக்கத்துல "வலி தாங்கல"ன்னு இன்னொரு ஸ்டீராய்டு ஊசி போட்டுட்டுப் போகாதீங்க, தாங்கவே முடியலேன்னா கிளினிக்லயே கேட்டு வலி மாத்திரை வாங்கிக்கலாம்.

அங்க போனா டாக்டர் தோள்பட்டை, முழங்கை, மணிக்கட்டு, கை விரல் கணு, முழங்கால்னு 28 மூட்டையும் ஒவ்வொண்ணா தன்னோட கட்டை விரல் நகம் வெளிறுற அளவுக்கு அழுத்தி, வலிக்குதா வீங்கியிருக்கான்னு மிஸ்ஸிட்ட சொல்லச் சொல்ல நாங்க படத்துல புள்ளி வைப்போம். அம்மா அந்த நேரத்துல "பரவால்ல டாக்டர், கொஞ்சந்தான்"னு மரியாதைக்குச் சொல்லக் கூடாது, நம்ம பொம்பளைங்களுக்கு இது ஒரு பெரிய வியாதி. அந்த 28ல காலு இல்ல, அதனால கால் வலிய நீங்களா சொல்லணும். கை, கால், நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பாங்க. ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலா இருக்கிறது சகஜம், நார்மல்னா ஆர்ஏ இல்லேன்னு எடுத்துக்காத, சீக்கிரம் வந்திருக்கோம்னு எடுத்துக்க. சந்தேகமா இருந்தா மூட்டுக்கு அல்ட்ராசவுண்ட் பண்ணுவாங்க, அதுல சவ்வு வீக்கம் எக்ஸ்ரேக்கு முன்னாடியே தெரியும். ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, ஈரல், கிட்னி எல்லாம் பார்க்கிறது மருந்து கொடுக்கலாமான்னு தெரிஞ்சிக்கத்தான், பயப்பட வேணாம்.

ஆர்ஏன்னு முடிவானா பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்தான் மொதல்ல. அதைப் பத்தி இன்னொரு நாள் தனியா எழுதலாம், ஒண்ணு மட்டும் இப்பவே: அது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுற மாத்திரை. தெரியாம தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தான கதை உலகம் பூரா இருக்கு. எந்தக் கிழமைன்னு டப்பா மேலேயே எழுதிடணும். மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சவங்களுக்கு விரல் கோணாம தப்பிக்கிற வாய்ப்பு எவ்வளவோ அதிகம், அம்மாவுக்கு நாலு மாசம் ஓடிடுச்சு, அதனால ஸ்கூல் லீவு வரட்டும்னு தள்ளிப் போடாத, எம்சி (மருத்துவ லீவு) போட்டுட்டுப் போங்க.

ஒரு விஷயத்துக்கு மட்டும் ரெஃபரல் லெட்டருக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. ஒரே ஒரு மூட்டு திடீர்னு செவந்து கொதிச்சு, காய்ச்சலும் சேர்ந்து, அசைக்கவே முடியலேன்னா அது கிருமி புகுந்ததா இருக்கலாம், அன்னிக்கே எமர்ஜென்சிக்குப் போகணும். கண்ணு செவந்து வலிக்கிறது, காரணமில்லாம மூச்சு வாங்குறது, இதையும் அப்படியே எடுத்துக்க.

அந்த டவுன் கிளினிக்ல போன் பண்ணி ஊசி பேரு என்னன்னு கேட்டு வாங்கிடு, அவங்க கொடுக்கணும். அப்புறம் அம்மாவுக்கு அந்தக் காய்ச்சல் வந்துச்சா இல்லையா, கால் விரல நெருக்குனப்ப என்ன சொன்னாங்க, இந்த ரெண்டையும் இங்கயே கீழ எழுது, பார்த்துட்டுச் சொல்றேன்.